குறைச்சுப் போடுங்க சார்

"முதல்லயே சொல்லிடறேன் சார். இது சரியான பேஜாரு வண்டி" என்னாரு சுப்பராயலு.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. விழுப்புரத்துல ஒரு ஷோரூம்ல பழைய வண்டிக்கு விலை போடறது என் வேலை. புது வண்டி எடுக்க வர்றவங்க பழசைக் கொண்டாந்து நிறுத்துவாங்க, நான் சுத்திப் பார்த்துட்டு இவ்ளோ தேறும்னு சொல்லுவேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. பதினோரு வருஷத்துல ஒருத்தர்கூட சொந்த வண்டியைத் திட்டி நான் கேட்டதில்ல.

சுப்பராயலு ஒலக்கூர்க்காரரு. சம்சாரம் சித்ராவோட பஸ்ல வந்திருந்தாரு. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை ஏத்தற பிக்கப், ஒம்பது வருஷ வண்டி. அதைத் தனியா ஓட்டிக்கினு வந்த டிரைவர் தம்பி அலெக்ஸ் சாவியைக் குடுத்துட்டு எதிர்ல டீ குடிக்கப் போயிட்டான்.

தள்ளாம வண்டி ஸ்டார்ட் ஆவாதாம். ஹாரன் அடிக்கவே அடிக்காதாம். கூட்டேரிப்பட்டுல பிரேக்கை மிதிச்சா திண்டிவனத்துலதான் நிக்குமாம். சித்ராம்மா மட்டும் சும்மா இருந்தாங்களா? வண்டிக்குள்ள ஒழுவுது, போன மழைக்குக் குடை புடிச்சிக்கினுதான் உக்காந்து வந்தேன்னு எடுத்துக் குடுத்தாங்க.

சாவியைப் போட்டேன். ஒரே திருகுல இஞ்சின் புடிச்சிக்கிச்சு. ஹாரனை அமுக்கினேன். டீக்கடையில இருந்தவங்கல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. ஒரு சுத்து ஓட்டினேன். பிரேக்கை மிதிச்ச எடத்துல நின்னுச்சு.

எறங்கி வந்து பார்த்தா சுப்பராயலு மூஞ்சி செத்துப்போயிருந்துச்சு. "நேத்து வரைக்கும் இப்படி இல்லியே"ன்னு சம்சாரத்துகிட்ட முணுமுணுக்கறாரு.

ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் தேறும்னு சொன்னேன். நியாயமான விலைதான்.

"அவ்ளோ எதுக்கு சார்? குறைச்சுப் போடுங்க. ஒன்றரை போதும்."

ஒன்னு தொண்ணூறுக்குக் கீழ நான் எறங்க மாட்டேன்னேன். ஒன்னு அம்பதுக்கு மேல அவரு ஏற மாட்டேன்னாரு. டயர் புதுசு, இஞ்சின் கல்லாட்டம் இருக்குதுன்னு அவரு வண்டியை அவருகிட்டயே புகழ்ந்துக்கினு நிக்கறேன் நான். பக்கத்து மேசைப் பொண்ணு சிரிப்பை அடக்க முடியாம எழுந்து வெளியில போயிடுச்சு.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இது திருட்டு வண்டியா இருக்குமோ? ஆர்.சி. புக்கை வாங்கி, வண்டி நம்பரை ரெண்டு தடவை ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சுப்பராயலு பேர்லதான் இருக்குது. அப்பவும் மனசு ஆறல. உண்மையைச் சொல்லலன்னா போலீசுக்குப் போன் போடுவேன்னு மெரட்டினேன்.

சித்ராம்மா டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டுக் கொரலைத் தாழ்த்தினாங்க.

"இந்த வண்டியை உங்களுக்குக் குடுக்கப் போறதில்ல சார். அலெக்சுக்குத்தான்."

ஒம்பது வருஷமா அவன்தான் இதை ஓட்டறானாம். தனியா தொழில் பண்ணணும்னு ஆசை. ஏலச்சீட்டு எடுத்து ஒன்றரை லட்சம் வெச்சிருக்கான். சும்மாவே எடுத்துக்கடான்னு இவங்க சொல்லிப் பார்த்திருக்காங்க. கோவிச்சிக்கினு ரெண்டு நாள் வேலைக்கே வரலியாம். எனக்கு யாரும் எரக்கம் காட்ட வேணாம், விழுப்புரத்துல என்ன விலை எழுதிக் குடுக்கறாங்களோ அதான் என் விலைன்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டானாம்.

"நீங்க ரெண்டு லட்சம்னு எழுதினா மிச்சத்துக்குக் கடன் வாங்குவான் சார்" என்னாரு சுப்பராயலு. "ரெண்டு பொண்ணுங்க இருக்குது அவனுக்கு. வட்டி கட்டியே அழிஞ்சிடுவான்."

போலீசுன்னு சொன்ன வாயில அடிச்சிக்கலாம் போல இருந்துச்சு எனக்கு. பேப்பரை இழுத்து, ஒன்றரை லட்சம்னு எழுதி, கையெழுத்துப் போட்டு சீலையும் குத்தினேன். பதினோரு வருஷத்துல நான் எழுதின மொத பொய் அது. அவ்ளோ சந்தோஷமா நான் எதையுமே எழுதினதில்ல.

ரெண்டு பேரும் பரிச்சையில பாஸான புள்ளைங்களாட்டம் பேப்பரைத் தூக்கிக்கினு டீக்கடைக்கு ஓடினாங்க.

அஞ்சு நிமிஷம் ஆவல, அலெக்ஸ் அந்தப் பேப்பரோட விறுவிறுன்னு உள்ள வந்தான். விலை கம்மியாச்சேன்னு சந்தோஷத்துல கை குடுக்க வர்றான்னு நெனச்சு நானும் எழுந்து நின்னேன்.

பேப்பரை மேசை மேல வெச்சுத் தட்டினான்.

"ஏன் சார், ஏமாந்தவங்கன்னா ஏச்சிடுவீங்களா? அண்ணனுக்கு நல்ல விலை வரட்டும்னு நேத்து திண்டிவனத்துல என் கைக்காசைப் போட்டு பேட்டரி, ஹாரன், பிரேக்கு எல்லாம் மாத்தி வெச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா இந்த வண்டியை? ரெண்டு லட்சத்துக்கு ஒரு ரூபா கொறையாது. ஏத்தி எழுதுங்க."

"வாங்கப் போறது நீதானப்பா?"

"அதனால? அண்ணன் நஷ்டப்படணுமா?"

வாசல்ல, அவன் முதுகுக்குப் பின்னால, சுப்பராயலும் சித்ராம்மாவும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கினு நிக்கறாங்க.

ஓட்டை வண்டி, ஒன்றரைக்கு மேல ஒரு பைசா தேறாதுன்னு சொல்லிட்டு உக்காந்தேன்.

அவன் என்னை மேலயும் கீழயும் பார்த்தான். "நல்ல மனுஷங்க வயித்துல அடிக்கறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கெடையாதா சார்?"

"கெடையாதுப்பா"ன்னேன்.