முன்னால் போகிற டயர்

மோட்டார் சைக்கிள் உலக சாம்பியன்ஷிப்புக்கு முதல் முறையாக வந்திருந்த யுகேந்திரன், சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில் ஒரு வளைவைக்கூடத் தனியாகத் திரும்பவில்லை. வேகமாகப் போகிறவனின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டால் எதிர்காற்று குறையும், ஒரு சுற்றை முடிக்கிற நேரமும் குறையும். கத்துக்குட்டிகள் எல்லோரும் எடுக்கிற பிச்சைதான். இவன் ஒட்டிக்கொண்டது நடப்புச் சாம்பியனிடம். நேரம் குறையாவிட்டால் ஞாயிறு பந்தயத்தில் இடமில்லை. சொந்த ஊர் கோயம்புத்தூரில் பேனர் வேறு கட்டியாயிற்று. சாம்பியன் ஒருமுறை திரும்பி, படிக்கட்டில் தொங்குகிறவனைக் கண்டக்டர் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவன் சாய்ந்தால் இவனும் சாய்ந்தான், நிமிர்ந்தால் நிமிர்ந்தான். கடைசி வளைவில் சாம்பியன் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்கினான். இவனும் ஒதுங்கினான். சாம்பியன் நின்றான். இவனும் நின்ற பிறகுதான் தெரிந்தது, அது சாம்பியனுடைய வண்டி நிறுத்துகிற ஷெட். அங்கிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவன் இவனுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

இவனுடைய மெக்கானிக் ரெஜி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"டேய், அவன் ஒண்ணுக்குப் போனா அங்கயும் பின்னாடியே போவியா?"

"இல்லண்ணா, டயரை மட்டும்தான் பார்த்துட்டே வந்தேன்..."

"பேசாத. இன்னும் ஒரு ரவுண்டுக்கு டைம் இருக்கு. ட்ராக்கே காலியா கெடக்கு. கெளம்பு!"

யுகேந்திரன் வண்டியைத் திருப்பினான். வெளியேறும் வழியில் விளக்கு பச்சையாக எரிந்தது. அதற்கப்பால் யாருமே இல்லை. இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை.

"என்னடா?"

"யாராச்சும் மொதல்ல போகட்டும்ண்ணா."