வீணாய்ப் போன சூடு

மார்கழிக் குளிரில் வெடவெடத்துக்கொண்டே குளியலறைக்கு வந்த பூனை அப்படியே நின்றுவிட்டது. அது தினமும் முதுகைச் சாய்த்துத் தூங்கும் விறகு பாய்லரைக் காணோம். வீட்டுக்காரர்கள் அதைப் பழைய பாத்திரக் கடையில் போட்டுவிட்டார்கள். சுவரில் உயரத்தில், சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி ஒரு கீசர் உட்கார்ந்திருந்தது.

“தம்பி, நீ வெந்நீர் போடுவியா?” என்றது பூனை.

“கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கொதிக்கும் அக்கா. விறகு வேண்டாம், புகையும் வராது.”

பூனைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜன்னலில் ஏறி ஒரே தாவாகத் தாவி, கீசரின் தலையில் சுருண்டு படுத்தது. உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் நன்றாகக் கேட்டது. வயிற்றிலோ கிணற்றடிக் கல்லில் படுத்த மாதிரி ஜில்லென்று குளிர் ஏறியது.

“என்ன தம்பி, சத்தம்தான் வருது, சூட்டைக் காணோமே?”

“அதுதான் அக்கா என் சாமர்த்தியம்! ஒரு பொட்டுச் சூட்டைக்கூட வெளியே விடமாட்டேன். உங்க பழைய பாய்லர் எரிச்ச விறகுல பாதிச் சூடு வீணாப் போச்சாம், தெரியுமா?”

“தெரியாம என்ன?” என்று பூனை கீழே குதித்தது. “அந்தப் பாதியிலதானே இத்தனை வருஷமும் நான் படுத்திருந்தேன்.”