பேனருக்கு ஒரு முகம்

கெமராவைக் கண்ணருகே கொண்டுபோனேன். இறக்கிவிட்டேன்.

"என்னா தம்பி, நல்ல நேரம் பாக்குறியா? சேல நனையுதுல்ல" என்றார் இருளாயி அக்கா.

லயத்து வரிசை வீடுகளின் முன்னே ஓடும் இஸ்தோப்பின் விளிம்பில், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். தீபாவளிச் சேலை. நெற்றி நிறைய விபூதி. சாரல் அவர் முழங்கால்வரை அடித்தது. ரப்பர் பால் வெட்டிக் கூன் விழுந்த முதுகை எப்படியோ நிமிர்த்தி வைத்திருந்தார்.

அவர் கேட்டது ஒன்றுதான். செத்தால் அஞ்சலி பேனரில் போட ஒரு நல்ல படம்.

"அடையாள அட்டை மூஞ்சிய வச்சு என்னைய ரோட்டுல தொங்க விட்டுறாதீங்க. அதுல நான் களவெடுத்து மாட்டுனவ மாதிரி இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் மேல் லயத்தில் மண் சரிந்தபோது வீட்டோடு என் கெமராவும் படங்களும் போயின. என் மனைவி ரோஷானியும் போனாள். யாருடைய கல்யாணப் படத்திலிருந்தோ அவள் முகத்தை வெட்டியெடுத்துப் பேனர் அடித்தார்கள். அவள் தோளில் இன்னொருத்தியின் விரல்கள் இருந்தன. அப்படியே தொங்கவிட்டார்கள்.

என்னையும் மகளையும் உயிரோடு தோண்டி எடுத்தார்கள்.

இந்தத் தோட்டத்துக் கல்யாணங்களை எல்லாம் எடுத்த கை இது. அன்றிலிருந்து ஒரு படமும் எடுக்கவில்லை. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கெமராவில் வைத்ததும் எல்லாம் இருண்டுவிடும். வாயில் மண் ருசிக்கும்.

ரம்புக்கனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஸமீம்தான் இந்தப் புதுக் கெமராவை என் கையில் திணித்தான். வாழைமரத்தை நோக்கினேன். வாளியை நோக்கினேன். கொடியில் காயும் சட்டையை நோக்கினேன். எதை எடுப்பது, ஏன் எடுப்பது என்று ஒன்றும் தோன்றவில்லை. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தடுமாறியது. மூடி வைத்துவிட்டேன்.

மலையில் ஏதோ உருண்டது.

நானும் அக்காவும் அசையாமல் கேட்டோம்.

இடி. வெறும் இடி.

காலையிலிருந்தே மண்சரிவு எச்சரிக்கை. பாடசாலைக்குப் போய்த் தங்கச் சொல்லியிருந்தார்கள். பாடசாலையும் இதே மலைக்குக் கீழேதான் இருக்கிறது.

"பொட்டிக்குள்ள எதுக்குத் தலைய விடுற? என்னயப் பாரு தம்பி."

கெமராவின் திரையை வெளியே விரிக்கலாம் என்று ஸமீம் காட்டித் தந்திருந்தான். அது கைபேசிக்காரர்களின் பழக்கம் என்று நான் தொட்டதில்லை. இப்போது விரித்தேன். கெமராவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்களாலும் அவரைப் பார்த்தேன்.

மழை வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்திருந்தது. மறுபக்கம் நிழல். திரையில் ஒரு பச்சைச் சதுரம் அலைந்து திரிந்து அவர் கண்ணில் போய் நின்றது.

"அக்கா, தாடையக் கொஞ்சம் எறக்குங்க."

அது என் பழைய குரல்.

அழுத்தினேன்.

இந்தக் கெமராவில் சத்தமே இல்லை. அக்கா மூச்சைப் பிடித்தபடி இருந்தார்.

"எடுப்பியா மாட்டியா?"

"எடுத்தாச்சுக்கா."

திரையைக் காட்டினேன். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மலைப்பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இனி வரட்டும்."

கதிரையை விட்டு எழுந்தார். நான் திரும்பினேன்.

என் முதுகுக்குப் பின்னால், இஸ்தோப்பு நெடுகிலும் லயத்து ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஏழுமலை தன் கல்யாணக் கோட்டை மாட்டியிருந்தார். பிள்ளைகளுக்குப் பவுடர் பூசியிருந்தது. சுகந்தினி கைக்குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சுகந்தினிக்குப் பின்னால், கிறிஸ்மஸுக்குத் தைத்த கவுனில், தலையை வாரி வகிடெடுத்து, என் மகள் சரோன் சிரித்துப் பழகிக்கொண்டு நின்றாள்.