வழி கேட்ட மணி

மணி அடித்தது. கரி மூட்டையை அப்படியே போட்டுவிட்டு, கோயில்பிச்சை பாழடைந்த ரயில்வே ஸ்டேஷனுக்குள் ஓடினான். தண்டவாளத்தைப் பெயர்த்து, கம்பிகளை அறுத்து எவ்வளவோ காலமாயிற்று. இப்போது அது அவன் கரி மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி. ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஓர் இரும்புப் பெட்டி மட்டும் மிச்சம். ரயிலை அனுப்புமுன் அடுத்த ஊர் ஸ்டேஷன்காரர்கள் அந்தப் பெட்டியில் மணியடித்து வழி கேட்பார்கள். இங்கே பெட்டியின் குமிழை அமுக்கினால் ரயில் வரலாம் என்று அர்த்தம். ஒரு மழைக்காலத்தில் இங்கிருந்த மாஸ்டர், வெள்ளத்தைப் பார்க்காமலே அமுக்கிவிட்டார். ரயில் பாலத்தோடு ஆற்றுக்குள் போனது. இன்னும் வந்து சேரவில்லை. ஸ்டேஷனை மூடிவிட்டார்கள்.

அவன் நுழைந்தபோது மணி ஓய்ந்திருந்தது. பெட்டியருகே அவன் மனைவி ஜெபமணி விரலில் ஒட்டிய துருவைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, தண்டவாளம் கிடந்த மேட்டின்மேல் அவர்களுடைய குடிசை. திறந்த வாசலுக்குள் தூளியில் கைக்குழந்தை தூங்கியது. காற்றே இல்லை. தூளி மெல்ல ஆடியது.

“ஏட்டி, வயரே இல்லாத பெட்டி எப்படிட்டி அடிக்கும்?”

“எனக்கென்ன தெரியும்? விடாம அடிச்சிச்சு. புள்ள முழிச்சிருமேன்னு அந்தக் குமிழ அமுக்குனேன், நின்னுட்டு.”