மூணு மணிக் கரடி

"சம்பளத்தையும் வாங்கிக்கிட்டு இப்படி வாயைப் பொளந்து தூங்குற மனுஷனை நான் பார்த்ததே இல்ல" என்றான் ஃபிராங்க்ளின்.

"மெல்லப் பேசு. எழுந்துடப் போறாரு" என்றாள் மமதா.

நூலகர் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எழுந்தால் அவள் படம் பாதியில் நின்றுவிடும்!

லிங்கராஜபுரத்து நூலகம் ஒன்றில் இரண்டு மாத ரெசிடென்சி. குழந்தைகளுக்குக் கதை எழுதுகிற உள்ளூர்க்காரர் ஒருவர், படம் போடுகிறவர் ஒருவர். இருவருக்கும் ஒரு மேசை கொடுத்து உட்கார வைப்பார்கள். முடிவதற்குள் ஒரு புத்தகம் உருவாக்க வேண்டும். நூலகர் ரெமிஜியஸ் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அச்சுக்குப் போகும். இல்லையென்றால் பரணுக்கு.

கதை எழுதும் ஃபிராங்க்ளினுக்கு இது மூன்றாவது புத்தகம். மமதாவுக்கு முதல். அல்சூர் ஃப்ளெக்ஸ் கடையில் காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் பேனர் டிசைன் செய்துகொண்டிருந்தவள். புத்தக அட்டையில் தன் பெயர் என்று நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கால் கூசியது.

கதை, புத்தகம் படிக்க வந்து முதல் பக்கத்திலேயே தூங்கிவிடும் ஒரு கரடியைப் பற்றியது. முதல் இரண்டு வாரம் அவளுக்குக் கரடியே வரவில்லை. வரைந்ததெல்லாம் ஸ்வெட்டர் போட்ட நாய் மாதிரி இருந்தது.

அப்புறம்தான் ஒருநாள் மூன்று மணிக்கு, ஜன்னலோர நாற்காலியில் ரெமிஜியஸ் தூங்குவதைப் பார்த்தாள். தொப்பை மேல் பேப்பர். புதர் மீசை. பச்சைக் கட்டம் போட்ட சட்டை.

கரடி!

அன்றிலிருந்து புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தினமும் வரைந்தாள். கிடைத்தாரே ஒரு மாடல்! மூன்று மணி ஆனால் அதே நாற்காலி, அதே சாய்வு. ஒருநாள் மூக்கின் மேல் ஈ வந்து உட்கார்ந்தது. மனுஷர் அசையவில்லை. அவள் பென்சில் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டால்தான் கண்ணைத் திறப்பார்.

"இவருக்கு வேற சட்டையே கிடையாதா? ஒரு மாசமா அதே பச்சைக் கட்டம்" என்பான் ஃபிராங்க்ளின். "மீசையைப் பாரு, காக்கா கூடு கட்டலாம். கடைசி நாள் ஃபீட்பேக் ஃபார்ம் குடுப்பாங்க இல்ல? டியூட்டியில தூங்குறார்னு எழுதாம விடமாட்டேன்."

மமதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

கடைசி நாளும் வந்தது. கயிறு கட்டி, படங்களைக் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நாற்பது பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே புகுந்தார்கள்.

"ஏய் நோடு, நோடு! இங்க பாரு, லைப்ரரி சார்!"

"ஐ! சார்தான் கரடி!"

நாற்பதும் தரையில் உருண்டு சிரித்தன. ஒருவன் நாற்காலியில் ஏறிப் படுத்து, குறட்டையே விட்டுக் காட்டினான்.

மமதா தலையில் கை வைத்துக்கொண்டாள். மூஞ்சியைக் கொஞ்சம் மாற்றியிருக்கக் கூடாதா? அந்தச் சட்டையையாவது விட்டிருக்கலாமே! போச்சு. முதல் புத்தகமும் போச்சு.

ரெமிஜியஸ் எழுந்து வந்தார். அதே பச்சைக் கட்டம். நாற்காலியில் படுத்திருந்தவன் குதித்து இறங்கினான். கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"க... கரடி சார்."

"கரடிக்கு எங்க சட்டை வாங்குன?"

"கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல சார்" என்று உளறினாள்.

பிள்ளைகள் மறுபடி கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடைசிப் படம் வரைக்கும் போனார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

கையெழுத்துப் போட்டார்!

மமதாவுக்குத் தான் நிற்பது தரையிலா, மேசை மேலா என்றே தெரியவில்லை. சந்தோஷத்தில் வாய் தானாக உண்மையைக் கொட்டியது.

"சாரி சார். நீங்க தூங்குறப்போ, உங்களைக் கேட்காமலே வரைஞ்சுட்டேன்."

"யாரும்மா தூங்குனது?" அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "மூணு மணிக்கு எனக்கு டீ பிரேக். முதல் நாள் மட்டும் நிஜமாவே கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா நீ அலமாரிக்குப் பின்னால நின்னு வரையுற. அசைஞ்சா படம் கெட்டுடுமேன்னு அப்படியே கிடந்தேன். மறுநாளும் பென்சிலோட வந்து நிக்கிற, நான் என்ன பண்றது?"

பக்கத்தில் ஃபிராங்க்ளின், எழுதி வைத்திருந்த ஃபார்மைச் சத்தம் வராமல் மடித்துக்கொண்டிருந்தான். மடித்து மடித்து அது பஸ் டிக்கெட் அளவுக்கு வந்துவிட்டது.

ரெமிஜியஸ் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"கரடி முடிஞ்சுதுல்ல? இனிமே மீசையை வெட்டிக்கலாமாம்மா? சட்டையையும் மாத்திக்கிறேன். ஒண்ணரை மாசமா தினம் இதையே துவைச்சுக் காயவெச்சு, என் வீட்டம்மா டைவர்ஸ் கேக்குறாங்க."