மாமியாரின் நாற்காலி

"என் பொஞ்சாதிக்குக் கோவமே வராது டாக்டரம்மா. சோறுதான் உள்ள தங்க மாட்டேங்கு."

தாணுலிங்கம் முதல் நாள் இப்படித்தான் சொன்னான். பக்கத்தில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்த செண்பகம் அப்போதும் சிரித்த முகமாகவே இருந்தாள்.

தூத்துக்குடியில் அவனுக்குக் கருப்பட்டி வியாபாரம். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகச் சொந்தத் தோணி ஒன்று வைத்திருந்தான். ஆறு மாதத்துக்கு முன் செண்பகத்துக்கு நாலு மாதக் கரு கலைந்துபோனது. அதிலிருந்து தட்டில் போட்டதை மறுபேச்சில்லாமல் விழுங்குவாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய், தொண்டைக்குள் விரலை விட்டு அத்தனையையும் வாந்தி எடுத்துவிடுவாள். மந்திரித்துப் பார்த்தார்கள், கயிறு கட்டினார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

ஞானபாய் டாக்டர் யுத்தத்தின்போது பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மனம் கலங்கிய சிப்பாய்களைப் பார்த்தவர். வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை என்றார். அடக்கி வைத்த கோபம்தான் சோற்றைத் தங்கவிடாமல் தள்ளுகிறது, அதை வாய்விட்டுச் சொன்னால் குணமாகும் என்றார். ஆனால் மூன்று வாரமாகக் கேட்டும், தனக்கு யார்மேலும் கோபமில்லை என்றே செண்பகம் சாதித்தாள்.

யார்மேல் கோபம் என்று தாணுலிங்கத்துக்குத் தெரியும். அவனுடைய தாய் சீனித்தாய்க்கு நாக்கில் விஷம். பிள்ளை தங்காத வயிறு என்று மருமகளை அவள் குத்திக்காட்டியதையெல்லாம் அவனே டாக்டரிடம் விவரமாகச் சொன்னான்.

அன்று ஞானபாய் ஒரு காலி நாற்காலியைச் செண்பகத்தின் எதிரே போட்டார். மனசில் இருக்கிற ஆள் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லச் சொன்னார். அவள் நாற்காலியைப் பார்த்தபடியே நின்றாள்.

தாணுலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. தானே போய் அதில் உட்கார்ந்தான். பெற்றவளைத் திட்டுவதைக் கேட்பது எந்த மகனுக்கும் கஷ்டம்தான். இருந்தாலும் இவள் பிழைத்தால் போதும் என்று நினைத்தான்.

"என்னைய எங்கம்மான்னு நெனச்சுக்கோ ஏளா. என்ன வேணும்னாலும் சொல்லு. நான் வருத்தப்பட மாட்டேன்."

செண்பகத்தின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. அவள் அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஏலே தாணுலிங்கம்," என்றாள்.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் புருஷன் பெயரைச் சொன்னதே இல்லை. எழுதிக்கொண்டிருந்த ஞானபாயின் கை அப்படியே நின்றது. தாணுலிங்கம் எழுந்திருக்கப் பார்த்தான்.

"இந்தப் பிள்ளை பிறந்தா ஒன் தோணி முங்கிரும்னு ஜோசியன் சொன்னானாம்லா. கருவக் கலைக்க மருந்து குடுத்த வைத்தியனே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாம்லே. அன்னைக்கு ஆசையா ஒன் கையால ஊட்டிவிட்டியே, அந்தச் சோத்துலதானே அதைக் கலந்தே?"