மந்தியின் கையுறை

பனிமலையில் மரகதம் என்றொரு மந்தி இருந்தாள். குளிரில் விரல் மரத்துப்போய், குட்டியோடு கிளையிலிருந்து விழப்போனவள், கம்பளி பின்னும் செம்மறியிடம் ஓடினாள்.

"அக்கா, கதகதப்பாவும் இருக்கணும், பிடியும் நழுவக்கூடாது."

செம்மறி தடிமனான கையுறையை மாட்டிவிட்டாள். மரகதம் கண்ணை மூடிக் குட்டியைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயோ, பிடிச்சிருக்கேனா, விட்டுட்டேனான்னே தெரியலையே!"

அடுத்து மாட்டிய மெல்லிய கையுறையில் குட்டி கையில் இருப்பது தெரிந்தது, குளிரும் தெரிந்தது.

செம்மறி யோசித்துவிட்டு, தடிமனான கையுறையின் விரல்நுனிகளை மட்டும் கடித்துத் துப்பினாள்.

"நுனி குளிருமே, அக்கா?"

"குளிரும். வலிக்கவும் செய்யும்."

திரும்பும் வழியில் காற்று குட்டியைப் பிடுங்கப் பார்த்தது. மரகதத்தின் விரல்நுனிகள் உடனே உணர்ந்து இறுக்கிக்கொண்டன.

அன்று விரல்நுனிகள் வலித்துக்கொண்டே இருந்தன. வலி சற்றுக் குறைந்தபோதெல்லாம் விரல் மரத்துவிட்டதோ என்று அவள் பதறிக் குட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.